கலைந்த பைத்தான் சூழலை மீண்டும் அமைத்தல்



கணினியின் இயக்கமுறைமையைப் புதிய பதிப்புக்கு உயர்த்துகிறோம். கணினி நன்றாகவே இயங்குகிறது. ஆனால், முதல்நாள் வரை பிசகின்றி ஓடிய நம் பைத்தான் நிரல் மட்டும், 'இப்படி ஒரு தொகுதி இல்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. பல மாத உழைப்பு வீணாயிற்றோ என்று மனம் பதறுகிறது. அப்படிப் பதற வேண்டியதில்லை. கெட்டது எது, கெடாதது எது என்பதை முதலில் பிரித்தறிவோம்.

பைத்தானில் வேலை செய்வோர் ஒவ்வொரு பணிக்கும் தனியே ஒரு மெய்நிகர் சூழல் அமைத்துக்கொள்வது வழக்கம். ஒரு பணிக்குப் பொருந்தும் தொகுப்பு மற்றொரு பணிக்கு ஒவ்வாதிருக்கலாம் அல்லவா? இதற்கான 'வென்வ்' என்னும் கருவி, 2012ஆம் ஆண்டில் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது.

இச்சூழல் தனி வீடு போலத் தோன்றினாலும் அதன் அடித்தளம் வெளியே இருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் சூழலுக்குள் பைத்தான் இருப்பதில்லை. கணினியின் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பே இருக்கிறது. நாம் நிறுவிய தொகுப்புகளோ, பதிப்பு எண்ணைப் பெயரில் தாங்கிய ஒரு கோப்புறையில் இருக்கின்றன.

உபுண்டுவை எடுத்துக்கொள்வோம். அதன் 22.04 பதிப்பில் இருந்தது பைத்தான் 3.10. 24.04 பதிப்பில் இருப்பது 3.12. உயர்த்திய பிறகு, சூழலின் இணைப்பு 3.12-ஐச் சுட்டுகிறது. அது தன் எண்ணுக்குரிய கோப்புறையைத் தேடுகிறது. தொகுப்புகளோ 3.10-இன் கோப்புறையில் கிடக்கின்றன. பொருள் வீட்டிலேயே இருக்கிறது. தேடுபவர் வேறு அறையில் தேடுகிறார். அவ்வளவுதான்.

அப்படியானால் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால் போதாதா? போதாது. நம்பை போன்ற தொகுப்புகளின் சில பகுதிகள் குறிப்பிட்ட பைத்தான் பதிப்புக்கென்றே இயந்திர மொழியில் ஆக்கப்பட்டவை. அவை மற்றொரு பதிப்பில் இயங்கமாட்டா. ஆகவே, பழைய சூழலை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக ஒன்று அமைப்பதே நேர்வழி.

முதல் வேலை, பழைய சூழலை அழிக்காமல் பெயர் மாற்றி ஒதுக்கி வைப்பது. நம் சொந்தக் கோப்பு ஏதேனும் அதற்குள் இருந்தால் வெளியே எடுத்துவிடுவோம். அடுத்து, 'பைத்தான்3-வென்வ்' என்ற தொகுப்பு கணினியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் நிறுவிக்கொண்டு, புதிய சூழலை உருவாக்குவோம்.

இனி, எந்தத் தொகுப்புகள் தேவை என்ற பட்டியல் வேண்டும். 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற கோப்பில் முன்பே எழுதி வைத்திருந்தால் கவலையில்லை. எழுதி வைக்காதவர்களுக்கும் வழி உண்டு. புதிய சூழலின் 'பிப்' கருவியில் 'ஃப்ரீஸ்' என்ற கட்டளையைக் கொடுத்து, 'பாத்' என்ற விருப்பத்தின் மூலம் பழைய தொகுப்புக் கோப்புறையைக் காட்டினால், அதிலுள்ளவற்றின் பெயரும் பதிப்பு எண்ணும் வரிசையாக வந்துவிடும். அதைக் கோப்பாகச் சேமித்து, அதன்படி 'பிப்' கொண்டு நிறுவுவோம்.

சில தொகுப்புகளின் பழைய பதிப்புகள் 3.12-இல் ஏற மறுக்கலாம். 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பழைய பகுதி 3.12-இல் நீக்கப்பட்டது ஒரு காரணம். நம்பைக்கு 1.26 பதிப்பு முதல்தான் 3.12-இன் ஆதரவு உண்டு. இத்தகைய இடத்தில் மறுத்த தொகுப்பின் எண்ணை மட்டும் உயர்த்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், பிழை எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். நிரலை ஓட்டிப் பார்த்து, விடை முன்போலவே வருகிறது என்று உறுதியான பிறகே பழைய சூழலை அழிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் சிலர் கணினியின் சொந்தப் பைத்தானையே பழைய பதிப்புக்கு மாற்ற முனைவார்கள். உபுண்டுவின் கருவிகள் பல அந்தப் பைத்தானை நம்பியே இயங்குகின்றன. அதில் கை வைத்தால், ஒரு நிரலைக் காப்பாற்றப் போய்க் கணினியையே முடக்கிவிடுவோம். 2023ஆம் ஆண்டில் வந்த டெபியன் 12-உம் உபுண்டு 23.04-உம், 'பிப்' நேராகக் கணினியின் பைத்தானில் நிறுவுவதைத் தடுக்கத் தொடங்கியது இதனால்தான். அந்தத் தடையை மீறும் விருப்பமும் உண்டு. அதை நாடாதிருப்பதே நலம். பழைய பைத்தான்தான் வேண்டுமென்றால், 'பைஎன்வ்' போன்ற கருவியால் அதைத் தனியே நிறுவிக்கொள்ளலாம்.

நேயர்களே, மளிகைப் பட்டியல் கையில் இருந்தால் தீர்ந்த சாமானைத் திரும்ப வாங்கிவிடலாம். நாம் எழுதிய நிரலும் தொகுப்புப் பட்டியலும்தான் பேணிக் காக்க வேண்டியவை. சூழல் எத்தனை முறை கலைந்தாலும் மீண்டும் எழுப்பக்கூடியது. அடுத்த முறை இயக்கமுறைமையை உயர்த்துமுன், ஒவ்வொரு பணிக்கும் அந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வோம்.