காற்றின் வழியும் நகரத் திட்டமும்



நகரமைப்பு அலுவலகங்களில் நிலப் பயன்பாட்டுக்கு ஒரு வரைபடம் உண்டு. சாலைக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று உண்டு. காற்று எவ்வழியே ஊருக்குள் வருகிறது, வெப்பம் எங்கே தேங்குகிறது என்று காட்டும் வரைபடம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதன் தேவையைக் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையை முன்னிறுத்தி விளக்க விரும்புகிறேன்.

நகரம் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடானது என்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 1818ஆம் ஆண்டிலேயே அளந்து எழுதினார். கொச்சியிலும் வாகனங்களில் கருவிகளைப் பொருத்தி அளந்திருக்கிறார்கள். 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, குளிர்காலத்தில் நகரின் நடுப்பகுதி 4 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறியிருந்தது. கடலும் காயலும் சூழ்ந்த ஊரிலேயே இந்நிலை!

இங்கே வெப்பமானி காட்டும் எண் மட்டும் கணக்கன்று. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை; வீசும் காற்றே உடலுக்கு ஆறுதல். பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து காயலைக் கடந்து வருகிறது. வானம் தெளிந்த இரவுகளில் நிலக்காற்று கிழக்கிலிருந்து மெல்ல வீசுகிறது. மெலிந்த காற்றைத் தடுக்கச் சில அடுக்குமாடிகளே போதும். ஆகவே நகருக்குக் கிழக்கே எஞ்சியுள்ள தாழ்ந்த வயல்களையும் நீர்வழிகளையும் வெற்றிடம் என்று கொள்வது தவறு. அவை காற்று வரும் வாயில்கள்.

இதை முன்னதாக உணர்ந்த நகரம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த அந்நகரம் 1938இல் வானிலை வல்லுநர் ஒருவரைப் பணியில் அமர்த்தியது. இரவில் மலைச் சரிவுகளில் குளிர்ந்த காற்று இறங்கும் தடங்கள் குறிக்கப்பட்டு, அங்கே கட்டடங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. இத்தகைய பணியில் இரண்டு தாள்கள் உண்டு. முதலாவது உள்ள நிலையைக் காட்டுவது. இரண்டாவது எங்கே என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று கூறுவது. கட்டட அனுமதி மனுவைக் கையில் வைத்திருக்கும் அலுவலருக்குப் பயன்படுவது இரண்டாவது தாளே. நம் நாட்டில் முதல் தாளோடு ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. அதுவும் பல வேளைகளில் செயற்கைக்கோள் படமாக இருக்கும். அப்படம் கூரையின் சூட்டையும் தார்ச்சாலையின் சூட்டையும் காட்டுமே ஒழிய, தெருவில் நடப்பவர் சுவாசிக்கும் காற்றின் வெப்பத்தைக் காட்டாது.

கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. வயல்கள் சர்வே எண் வாரியாகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளன. பதிவேட்டில் இடம்பெறாமல், 2008க்கு முன்பே நிரப்பப்பட்ட நிலத்தைக் கட்டணம் செலுத்தி வகைமாற்ற 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. அந்த முடிவில் நெல்லும் நீரும் எடைபோடப்படுகின்றன; காற்று எடைபோடப்படுவதில்லை. இதற்கிடையே 2024 மார்ச்சில் மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை முனையத்தை எட்டியது. நிலையத்தைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் எழுவது இயல்பே. அவற்றைத் தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவை எத்திசையில் நிற்க வேண்டும், நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை இப்போதே தீர்மானிக்கலாம். கட்டிய பின் வரையும் படம் வெறும் ஆவணம்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சனவரி முதல் மார்ச் வரை, இரவிலும் விடியலிலும், காயற்கரையிலிருந்து கிழக்கு வயல்கள் வரை வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை அளந்தால் முதல் தாள் உருவாகும். காற்று நுழையும் சர்வே எண்களை நிலப் பதிவேட்டிலேயே குறித்துவிட்டால், வகைமாற்ற மனு வரும்போது உரிய அலுவலர் அதையும் பார்த்தே கையெழுத்திட முடியும்.