படக்கதை ஆசிரியர் ஊர் சுற்றுகிறார்

நாவலாசிரியரை நாம் அறிவோம். கவிஞரை மேடையிலே கேட்டிருக்கிறோம். ஆனால் படக்கதை எழுதுகிறவர் எப்படியிருப்பார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை சொல்லத் தெரியாது. படக்கதை என்றதும் படம் வரைந்தவர்தாம் நினைவுக்கு வருகிறார். இன்ன கட்டத்திலே இன்னார் நிற்க வேண்டும், இன்ன சொல்லைச் சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலே கதவு திறக்க வேண்டும், யார் வந்தார் என்பது அடுத்த பக்கத்திலேதான் தெரிய வேண்டும் என்றெல்லாம் வகுத்து வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது தோன்றுவதேயில்லை. அத்தகையவர் தம் அறையை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, வாசகர்கள் நீட்டும் புத்தகங்களிலே கையொப்பமிடும் வாழ்க்கையைப் பற்றி இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். பெங்களூரிலே வாழும் தமிழர்களுக்கு இப்பொருளிலே ஒரு தனி உரிமையும் உண்டு.

ஐரோப்பாவிலே, குறிப்பாகப் பிரான்சிலும் பெல்ஜியத்திலும், படக்கதையை உயர்ந்த கலையாகவே போற்றுகின்றனர். பிரான்சிலுள்ள அங்குலேம் என்னும் சிற்றூரில் 1974-ஆம் ஆண்டு தொடங்கிய படக்கதைத் திருவிழா உலகப் புகழ் பெற்றது. அங்கே வாசகர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர். ஓவியர், புத்தகத்தின் முதற் பக்கத்திலே கதாநாயகனின் முகத்தைச் சில கோடுகளில் தீட்டிக் கொடுக்கிறார். அதனைப் பெற்றவர் புதையல் கிடைத்தாற்போல் மகிழ்ந்து போகிறார். பக்கத்து நாற்காலியிலே கதை எழுதியவர் அமர்ந்திருக்கிறார். அவரால் படம் வரைய இயலாது. தம் பெயரை எழுதுகிறார். வேண்டுமானால் ஒரு வரி வாழ்த்து எழுதுகிறார். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஓவியரின் வரிசை வாசலைத் தாண்டி நீள, எழுத்தாளரின் முன்னே நாலைந்து பேரே நிற்பதுண்டு. ஒரே புத்தகத்தின் இரு பெற்றோருக்குள் இப்படி ஒரு வேறுபாடு!

தமிழ் வாசகர்கள் லக்கி லுக்கை நன்கு அறிவார்கள். தன் நிழலைக் காட்டிலும் விரைவாகச் சுடும் அந்தக் குதிரைவீரனின் கதைகளை 1955 முதல் 1977-இல் தாம் மறையும்வரை எழுதியவர் ரெனே கோசினி. ஆஸ்டெரிக்ஸ் கதைகளை எழுதியவரும் அவரே. இத்தனை புகழ் பெற்ற கோசினி, படக்கதை ஆசிரியர்களுக்கு முறையான உரிமை வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டில் தோழர்களுடன் சேர்ந்து கோரிக்கை எழுப்பினார். பதிப்பாளர் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டனர். கையொப்பமிடும் பொழுதுக்கும் ஊதியம் வேண்டும் என்று பிரெஞ்சுப் படக்கதைக் கலைஞர்கள் அண்மை ஆண்டுகளிலும் குரல் எழுப்பி வருகின்றனர். திருவிழாவுக்குக் கூட்டத்தைச் சேர்ப்பவர்கள் நாங்கள். எங்கள் உழைப்பு மட்டும் இலவசமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

வாசகரை நேரிலே காண்பதனால் எழுத்தாளருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவிலே பில் பிங்கர் என்பவருக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1939-இல் வெளிவந்த பேட்மேன் கதையைச் சிறுவர்கள் எல்லாரும் அறிவார்கள். வௌவாலைப் போன்ற முகமூடியும் மேலங்கியும் கருநிறமும் பிங்கர் சொன்ன யோசனைகள். முதற் கதையை எழுதியவரும் அவரே. ஆயினும் பல ஆண்டுகள் ஓவியர் பாப் கேன் ஒருவரின் பெயரே அச்சாகி வந்தது. 1965-ஆம் ஆண்டு நியூயார்க்கிலே வாசகர்கள் கூடிய ஒரு சிறு மாநாட்டிற்குப் பிங்கர் வந்து, மேடையிலே அமர்ந்து, தாம் செய்த வேலையைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட வாசகர் ஒருவர் அவ்வாண்டே அதனைக் கட்டுரையாக எழுதினார். கேன் சினந்து மறுப்புக் கடிதம் எழுதினார். ஆனால் செய்தி வெளிவந்துவிட்டது. பிங்கர் 1974-இல் வறுமையிலே மறைந்தார். 2015-ஆம் ஆண்டில்தான் பேட்மேனைப் படைத்தவர்களின் வரிசையில் அவர் பெயரும் முறைப்படி சேர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள்! அன்று அந்தக் கூட்டத்திற்கு அவர் வாராதிருந்தால், அந்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரேனும் அவர் பெயர் வெளிவந்திருக்குமோ, யாரறிவார்?

இனி நம் பெங்களூருக்கு வருவோம். அமர் சித்திரக் கதை என்ற பெயரைக் கேளாத இந்தியக் குடும்பம் அரிது. அதன் வரலாற்றைச் சொல்லும்போது, 1967-ஆம் ஆண்டு தில்லியிலே ஒரு வினாடி வினாப் போட்டியைத் தொலைக்காட்சியிற் கண்ட அனந்த் பாய், கிரேக்க தெய்வங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்த குழந்தைகளுக்கு இராமனின் தாய் பெயர் தெரியவில்லையே என்று வருந்தி இத்தொடரைத் தொடங்கினார் என்பது வழக்கம். அது உண்மையே. ஆயினும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1965-இல், இந்தப் பெங்களூரிலே ஜி. கே. அனந்தராம் என்பவரின் முயற்சியால் அமர் சித்திரக் கதை கன்னடத்திலே வெளிவந்துவிட்டது. அவை மேனாட்டுத் தேவதைக் கதைகளின் கன்னட வடிவங்கள். பத்து இதழ்கள் வந்தன, நன்றாக விற்றன. அதனாலேதான் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்த 'கிருஷ்ணா' என்னும் புத்தகத்திற்குப் பதினொன்று என்ற எண் அமைந்தது. வீட்டிலே பழைய பிரதி இருந்தால், அமர்ந்து யோசித்துப் பார்க்கத் தக்க எண் அது. அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடைகளுக்கு எத்தனை முறை சென்றிருப்போம்! இத்தொடர் பிறந்த ஊர் இதுவே என்று நமக்கு யாரும் சொன்னதில்லை.

அனந்த் பாய் கர்நாடகத்துக் கார்களவிலே 1929-இல் பிறந்தவர். இரண்டு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். வேதியியல் தொழில்நுட்பம் படித்துவிட்டுப் படக்கதைக்கு வந்தவர். இவருடைய சுற்றுப்பயணத்திற்கும் மேனாட்டுக் கையொப்பத் திருவிழாவிற்கும் வெகு தூரம். தொடக்கத்திலே புத்தகக் கடைக்காரர்கள் படக்கதையை வாங்கி வைக்கத் தயங்கினர். பாய் தாமே உணவு விடுதிகளுக்கும் பெட்ரோல் நிலையங்களுக்கும் சென்று, ஒரு மூலையிலே புத்தகங்களை வைத்துக்கொள்ள இடங்கேட்டார். பள்ளி ஆசிரியர்களோ, படக்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றனர். 1978-இல் தில்லியிலே பள்ளிக் கல்வியில் படக்கதையின் இடம் என்ன என்பது பற்றி ஒரு கருத்தரங்கையே அவர் கூட்ட வேண்டியிருந்தது. பின்னாளிலே அவர் எந்த ஊருக்குப் போனாலும் குழந்தைகள் 'பாய் மாமா' என்று சூழ்ந்துகொண்டனர். 2011 பிப்ரவரியில் தில்லியிலே நடந்த முதல் காமிக் கான் விழாவிலே வாழ்நாள் சாதனை விருது அவருக்கு வழங்கப்பெற்றது. உடல்நலம் இடந்தரவில்லை, அவரால் வர இயலவில்லை. அந்த மாதம் 24-ஆம் நாள் அவர் காலமானார்.

தமிழ்ப் படக்கதையின் ஊர் சிவகாசி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் செழித்த அவ்வூரிலே 1972-இல் முத்து காமிக்ஸ் தோன்றியது. முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. இவற்றிலே வந்தவற்றிற் பெரும்பாலானவை மேனாட்டுக் கதைகளின் தமிழாக்கங்கள். மொழிபெயர்ப்பாளர்தானே, அவரை எழுத்தாளர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்பதே என் கருத்து. பிரெஞ்சுப் படக்கதையிலே ஒருவன் 'எங்கே போகிறாய்' என்று கேட்பதற்கு மூன்று சிறு சொற்கள் போதும். அதற்கேற்ற அளவிலே ஓவியர் பேச்சுக் குமிழியை வரைந்து வைத்திருப்பார். நம் மொழியிலோ 'போய்க்கொண்டிருக்கிறீர்கள்' என்று ஒரே சொல் குமிழியின் இரு கரைகளையும் இடித்துக்கொண்டு நிற்கும். ஓவியத்தை மாற்ற முடியாது. எழுத்தை ஓரளவுக்குமேற் சிறிதாக்கவும் முடியாது. பொருளும் கெடாமல், நகைச்சுவையும் போகாமல், குமிழிக்குள் தமிழை அடைக்க வேண்டும். அமெரிக்கப் பாலைவனத்திலே குதிரைமேல் வருகிறவன் செந்தமிழ் பேசுவதா, பேச்சுத்தமிழ் பேசுவதா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவையும் செய்கிறவரை வேறு என்ன பெயரால் அழைப்பது?

லயன், முத்து இதழ்களின் ஆசிரியர் எஸ். விஜயன் இதழைத் தொகுப்பதோடு தமிழாக்கமும் செய்பவர். இடையிலே சில ஆண்டுகள் இதழ்கள் தளர்ந்திருந்தன. 2012 ஜனவரியிலே, சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி, ஒரு மறுவருகைச் சிறப்பிதழ் வந்தது. அது முதல் நேரிலே வாசகரைச் சந்திப்பது அவ்விதழ்களின் வாழ்விலே ஒரு பகுதியாகிவிட்டது. ஆகஸ்டு மாதத்து ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் கூடுகின்றனர். பல ஊர்களிலிருந்து வருகின்றனர். நரைத்த தலையினர் பலர். எழுபதுகளில் வாங்கிய இதழை உறையிட்டுக் கொண்டுவந்து காட்டுவோரும் உண்டு. அந்தக் கதையை ஏன் இன்னும் மறுபதிப்புச் செய்யவில்லை என்று உரிமையோடு கடிந்துகொள்வோரும் உண்டு.

2012 செப்டம்பரிலே பெங்களூர்க் கோரமங்கலா உள்ளரங்கில் காமிக் கான் நடந்தபோது சிவகாசிக் குழுவினரும் தமிழ்ப் புத்தகங்களோடு வந்து கடை விரித்தனர். சிவகாசியிலிருந்து மதுரை, சேலம், ஓசூர் வழியாகப் பெங்களூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இத்தகைய பயணத்திலே எழுத்தாளரின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எத்தனை கட்டுப் புத்தகம் கொண்டுபோவது என்பதே முதற் கவலை. குறைவாகக் கொண்டுபோனால் இரண்டாம் நாள் வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். மிகுதியாகக் கொண்டுபோனால் மிஞ்சியதற்கு மீண்டும் கூலி கொடுத்து ஊர் சேர்க்க வேண்டும். கடைக்கு வாடகை உண்டு. தங்கும் செலவு உண்டு. காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே பேச வேண்டும். சுற்றிலும் வௌவால் வேடமும் சிலந்தி வேடமும் அணிந்த இளைஞர்கள், ஒலிபெருக்கியிலே ஆங்கிலம். நடுவே ஒரு மேசையில் தமிழ் எழுத்து. அதைக் கண்டு தயங்கி நின்று, 'இது தமிழா?' என்று தமிழிலேயே கேட்டபடி வருகிற முகங்கள்.

என் நெஞ்சிலே தைத்தது, இத்தகைய மேசைகளின் முன்னே நான் பலமுறை கண்ட ஒரு சிறு நிகழ்ச்சிதான். தந்தை புத்தகம் வாங்குகிறார். மகனுக்குப் பத்து வயது இருக்கும். நன்றாகத் தமிழ் பேசுகிறான். ஆசிரியர் பேனாவை எடுத்து, 'தம்பி, உன் பெயரை எப்படி எழுத வேண்டும்?' என்று கேட்கிறார். பையன் தன் பெயரை ஆங்கில எழுத்துகளால் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். வேறு எவ்வாறு சொல்லுவது என்று அவனுக்குத் தெரியாது. பள்ளியிலே ஆங்கிலமும் கன்னடமும் கற்கிறான். தமிழ் எழுத்து அவன் வாழ்விலே எங்கும் இல்லை. குற்றம் அவனுடையதன்று. தந்தை தலை குனிகிறார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அவன் பெயரைத் தமிழிலே பெரிதாக எழுதி, கீழே தம் பெயரையும் எழுதிக் கொடுக்கிறார். பையன் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறான். 'இதிலே எது நான்?' என்று தந்தையைக் கேட்கிறான்.

இதைப் படக்கதை செய்யுமளவு பாடநூல் செய்யாது என்று நான் நம்புகிறேன். படத்தைப் பார்த்தே கதையைப் பாதி ஊகித்துவிடலாம். குமிழிக்குள் நாலே சொற்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்த நாலு சொற்களும் காதறிந்த சொற்கள். கண் மட்டுமே கற்க வேண்டும். வில்லன் என்ன சொன்னான் என்று அறியும் ஆவல், எழுத்துக் கூட்டும் களைப்பை மறக்கச் செய்யும். நம் முன்னோர் அல்சூரிலும் பிற பகுதிகளிலும் குடியேறிப் பல தலைமுறைகளாகிவிட்டன. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நூலகம் வைத்துத் தொண்டாற்றுகிறது. 2022 டிசம்பரிலே அச்சங்க வளாகத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் நடந்தது. அத்தகைய இடங்களுக்குக் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவனே தேர்ந்தெடுக்கட்டும். அவன் எடுப்பது குதிரைவீரன் கதையாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டா. எழுதியவரோ தமிழாக்கியவரோ அங்கே இருந்தால், புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்து வரிசையில் நிற்க விடுங்கள். கையொப்பம் வாங்கியபின், எழுதியவர் பெயரை அட்டையிலே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்திலேதான் இருக்கும்.