“மண்டையில் ஏறாது” என்னும் பேச்சு
(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“இவனுக்கு ஓதுவது மண்டையில் ஏறாது ஹஜ்ரத், கடையில் சேர்த்துவிடுகிறோம்” என்று பெற்றோர் வந்து நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இவ்வாண்டும் மூன்று பிள்ளைகள் அவ்வாறே நின்றுவிட்டனர். கற்றலைப் பற்றி நம்மிடையே நிலவும் தவறான எண்ணங்களே இதற்குப் பெரும் காரணம் எனக் கருதுகிறோம்.

பார்த்துப் பார்த்து வாசித்தால் மனத்தில் நின்றுவிடும் என்று எண்ணுகிறோம். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் இதனைச் சோதித்தனர். மாணவர்களில் ஒரு சாரார் பாடத்தை மறுபடியும் வாசித்தனர். மறு சாரார் தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே மிகுதியாக நினைவிருந்தது. வாசிக்கையில் உண்டாகும் ‘தெரிந்துவிட்டது’ என்னும் உணர்வு ஏமாற்றக்கூடியது. ஹிஃப்ளு மதரஸாக்களில் முஸ்ஹஃபை மூடி உஸ்தாதிடம் பாடம் கொடுப்பதும், பழைய ஜுஸ்உகளை மீண்டும் மீண்டும் தவ்ர் ஓதுவதும் வீண் கண்டிப்பல்ல. கட்டிவைத்த ஒட்டகம் தப்புவதினும் விரைவாகக் குர்ஆன் நெஞ்சை விட்டு நழுவும் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஹாபிழ்களுக்கும் உரியதே. மறதி மந்தபுத்தியின் அடையாளமன்று.

“இவன் கண்ணால் கற்பவன், அவன் காதால் கற்பவன்” என்று பிள்ளைகளைப் பிரிப்போரும் உளர். 2008இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைப் பரிசீலித்து, அவ்வாறு பிரித்துப் பாடம் நடத்தப் போதிய ஆதாரமில்லை என்றனர். மக்ரஜைக் கேட்டே கற்கவேண்டும். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே கற்கவேண்டும். அது பாடத்தின் தன்மை, பிள்ளையின் வகையன்று. மூளையில் பத்தில் ஒரு பங்கே வேலை செய்கிறது என்ற கதையை விளம்பரக்காரர்களிடமே விட்டுவிடுவோம்.

“எங்களுக்கு வயதாகிவிட்டது” என்போருக்கும் ஒரு சொல். ஸஹாபாக்கள் முதிர்ந்த வயதிலும் கற்றதை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் கல்விப் பகுதியில் குறிப்பிடுகிறார்கள். இஷாவுக்குப் பின் நடைபெறும் பெரியவர்கள் வகுப்பில் பாய் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

நின்றுபோன மூன்று பிள்ளைகளின் வீட்டாரை நிர்வாகிகளுடன் சென்று சந்திக்க இருக்கிறோம். ஏனையோர் மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம், பிள்ளை நேற்று ஓதியதைப் பாராமல் ஓதச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள்.