பழைய ஓட்டில் ஒரு காய்கறிக் கடை

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா நினைவாக ஊர் முகப்பில் வளைவு எழுப்புவதா, காய்கறி விற்க ஒரு கடை அமைப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, பேரவை கடையைத் தேர்ந்தெடுத்தது. வளைவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் அடியில் உட்கார்ந்து கீரை விற்க முடியாது.

காலை 6 மணிக்குக் கீரைக் கட்டோடு சாலையோரம் வந்து உட்காரும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். 7 மணிக்குச் சொன்ன விலை 10 மணிக்கு நிற்பதில்லை. கீரை வாடட்டும் என்று காத்திருந்து வருகிற வாடிக்கைக்காரர்களும் உண்டு. (அவர்களில் சிலர் இங்கேயே இருக்கிறீர்கள், சிரிக்க வேண்டாம்!) வெயில் ஏற ஏறப் பேரம் வாங்குகிறவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆகவே நாம் கட்டப்போகும் நிழல் அழகுக்கு அல்ல, விற்கிறவரின் விலைக்கு.

நம் தோட்டத்துக் காய் மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறது. அது போகட்டும்; பெரிய வெள்ளாமைக்கு அதுதான் வழி. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கடைக்கு வாடகை இல்லாமல் உழவரே நேரில் விற்கும் ஏற்பாடு அது. ஆனால் வீட்டுக் கொல்லையில் பத்துக் கட்டுக் கீரையும் இரண்டு கிலோ அவரையும் எடுப்பவர் பஸ் ஏறி டவுனுக்குப் போனால், திரும்பி வரும்போது கையில் என்ன மிஞ்சும்? அவருக்குத்தான் இந்தக் கடை. கடன் வாங்கிக் கட்டினால் அவரிடம் வாடகை கேட்க வேண்டிவரும். அதனால்தான் பழைய சாமான்களிலேயே கட்டுவோம் என்கிறேன்.

பள்ளியின் பழைய கூரையைப் பிரித்தபோது இறக்கிய மங்களூர் ஓடுகளும் பனங்கைகளும் பின்புறம் அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல் உண்டு, ஒதுக்கிவிடுங்கள். பனங்கையில் ஆணி சுலபமாக இறங்கினாலும், துளை வழியே மாவு கொட்டினாலும் அது அடுப்புக்குத்தான். கறுத்து வைரம் பாய்ந்த பகுதி இன்னும் நெடுங்காலம் தாங்கும்.

12 அடி நீளம், 8 அடி அகலமுள்ள கடைக்கு, சுற்றிலும் ஒன்றரை அடி இறவாரம் விட்டு இருபுறமும் சரித்தால், ஏறத்தாழ 270 ஓடுகள் பிடிக்கும். ஓடு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஆக அரை டன்னுக்கு மேற்பட்ட பாரம் தலைக்கு மேல் நிற்கும். மூங்கில் கால் போதும் என்கிற தம்பிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அழிந்துபோன திராட்சைப் பந்தல்களின் கற்கால்கள் பல தோட்டங்களில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றில் ஆறு போதும். இரண்டடி ஆழத்தில் ஊன்றி, உடைந்த செங்கல்லும் கான்கிரீட்டும் போட்டு இறுக்கினால் கறையானுக்கு அங்கே வேலையில்லை.

மேசை வைப்பதா திண்ணை கட்டுவதா என்று விற்கிற தாய்மார்களையே கேட்டேன். ஒன்றரை அடி உயரத் திண்ணை போதும் என்றார்கள். காலைத் தொங்கப்போட்டும் உட்காரலாம், சம்மணமிட்டும் உட்காரலாம். மேலே பரப்ப, சமையலறையிலிருந்து கழற்றிய கடப்பைக் கல் தருவதாக மூன்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். விலை எழுத வகுப்பறையின் பழைய கரும்பலகை இருக்கிறது.

கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் கிளம்பும் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். அறுக்கப்போவது நம் பிள்ளைகள்தானே! பூச்சிமருந்து வந்த டின்னும் டிரம்மும் எத்தனை முறை கழுவினாலும் காய்கறிப் பக்கம் வரக் கூடாது. தேர்தல் ஃபிளெக்ஸ் சாரலுக்குத் திரையாகத் தொங்கட்டும், தலைவர்களின் முகம் உட்பக்கமாக இருந்தால் கட்சிச் சண்டை வராது! அதன்மேல் காயைப் பரப்ப வேண்டாம்.

விற்றது போக மிஞ்சும் கீரைக்கு என்ன வழி? டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் கரண்ட் தேவைப்படாத குளிர்ப்பெட்டி ஒன்றை அமைத்துக் காட்டினார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர். நடுவில் மூன்று அங்குல இடைவெளி. அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே ஈரச்சாக்கு போர்த்திய மூடி வைத்தால் போதும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறைதான். காற்று உலர்ந்திருக்கும் கோடையில் வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்கும் மேல் குறையும். மழைக்காலத்தில் அவ்வளவு குறையாது. பழைய செங்கல்லே இதற்குப் போதும். காலைக் கீரை மாலை வரை வாடாமல் இருந்தால், "வாடிப்போச்சே, பாதி விலைக்குத் தா" என்று கேட்க முடியாதல்லவா?

தராசை மட்டும் புதிதாக வாங்குவோம். முத்திரையிட்ட தராசு, முத்திரையிட்ட படிக்கல். அதில் சிக்கனம் வேண்டாம். கடை கோயில் மனைக்குள்ளேயே அமைவதால் நெடுஞ்சாலைத் துறையினர் இடிப்பார்களோ என்ற அச்சமும் இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஓடு தட்டிப் பிரிக்கும் வேலை தொடங்குகிறது. இளைஞர் மன்றத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கற்கால்களை ஏற்றிவர டிராக்டர்தான் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.