எட்டா, ஐந்தா? பேச்சுக்கு மதிப்பெண் போடும் வேலை

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு எழுதிய மாணவருக்குத் தன் மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தாள் இருக்கிறது, அதனால் நியாயம் கேட்க வழியும் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அப்படி இல்லை. ஒலிப்பதிவு செய்யாவிட்டால் மாணவர் பேசிய பேச்சு அந்த அறையோடு போய்விடும், ஆசிரியர் போட்ட எண் மட்டும் மிஞ்சும். அந்த எண் சின்னதும் அல்ல. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்ப் பாடத்தில் வாய்மொழிக்கு மட்டும் 200-க்கு 50 மதிப்பெண், அதாவது நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு கனமான பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கு, ஒரே பேச்சுக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போடும் பயிற்சியைத் தந்தாக வேண்டும். தேர்வுக்கு முன் ஒருமுறை தந்து நிறுத்திக்கொள்ளாமல், தொடர்ந்து தரவேண்டும் என்பதுதான் இன்றைய உரையில் நான் சொல்ல வருவது.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். உணவங்காடியில் சாப்பிட்டவர்கள் தட்டை எடுத்து வைக்காமல் போகும் காணொளியைப் பார்த்திருக்கிறாள். “நீ அங்க இருந்தா என்ன செய்வே?” என்று ஆசிரியர் கேட்கிறார். “நான் அவங்ககிட்ட போய், அண்ணே, டேபிள்ல இருக்கற தட்டை அங்க வச்சிருங்கன்னு சொல்வேன். ஆனா கொஞ்சம் பயமா இருக்கும், ஏன்னா அவங்க பெரியவங்க. அதனால முதல்ல அம்மாகிட்ட சொல்வேன்” என்கிறாள். நடுவில் இரண்டு இடத்தில் தயங்குகிறாள், ஒருமுறை ‘டேபிள்’ என்கிறாள். ஓர் ஆசிரியர் பத்துக்கு எட்டு போடுகிறார். சொந்தக் கருத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, ‘ஆனா’, ‘ஏன்னா’, ‘அதனால’ என்று கோத்துப் பேசுகிறாள் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் இருப்பவர் ஐந்து போடுகிறார். தயக்கம், ஆங்கிலச் சொல், ‘வச்சிருங்க’ என்ற பேச்சு வடிவம் ஆகியவை அவர் காதில் விழுந்தன. இருவரும் நேர்மையானவர்கள், யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. ஒரே பேச்சில் இருவரும் வேறு வேறு விஷயங்களைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மூன்று மதிப்பெண் வித்தியாசம்.

இது புதிதாகத் தெரியவந்த சங்கதி அல்ல. தேர்வு மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்பதை எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் 1888-லேயே புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்றவற்றிலும் அவரை உயர்த்தி மதிப்பிட்டுவிடுகிறோம் என்று உளவியலாளர் தார்ண்டைக் 1920-ல் காட்டினார். பேச்சுத் தேர்வில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கேள்வி கேட்பவரும் பேச்சின் பங்காளி. ஆனி பிரவுன் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வரை இரண்டு பேர் தனித்தனியாக நேர்கண்டபோது அவருடைய திறனைப் பற்றி வேறுபட்ட மதிப்பீடுகள் கிடைத்தன. ஒருவர் கேள்வியைத் தெளிவாக அமைத்து, பதிலைத் தொடர்ந்து விரிக்க இடம் கொடுத்தார். மற்றவரிடம் அந்தத் தெளிவு இல்லை. ஆகவே மதிப்பெண் போடுவதற்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது, கேட்கும் முறைக்கும் தரவேண்டும்.

“அளவுகோல்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோமே” என்று கல்வித்துறையில் சொல்வதுண்டு. ‘சரளமாகப் பேசுகிறார்’ என்பது ஒரு படி, ‘ஓரளவு சரளமாகப் பேசுகிறார்’ என்பது அதற்குக் கீழ்ப்படி. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று தாள் சொல்லாது. அதைக் காதால்தான் பழகவேண்டும். நல்ல பயிற்சிக் கூட்டத்தில் நடப்பது இதுதான். மாணவர் பேச்சின் ஒலிப்பதிவை எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் அவரவர் மதிப்பெண்ணை எழுதுகிறார்கள். பிறகு எல்லா எண்களும் கரும்பலகைக்கு வருகின்றன. எட்டு போட்டவரும் ஐந்து போட்டவரும் காரணம் சொல்லவேண்டும், அதையும் பதிவில் வந்த வாக்கியத்தைக் காட்டிச் சொல்லவேண்டும். ‘நல்ல பிள்ளை, தைரியமாகப் பேசினாள்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது. பின் அதே பதிவை மறுபடி கேட்டு, ஒப்புக்கொண்ட மதிப்பெண்ணைக் குறித்து, அடுத்த பதிவுக்குப் போகிறார்கள். தொடர்ந்து சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு ஓர் உதாரணம்: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வு முழுவதும் பதிவாகிறது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு தனித்தனி மதிப்பெண்கள். தேர்வாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தகுதி பெறவேண்டும்.

இருபது ஆண்டு அனுபவம் போதாதா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்காத அனுபவம், ஒருவருடைய பழக்கத்தைக் கெட்டிப்படுத்தும். பழக்கம் சரியானதா என்பதை அது சொல்லாது. பயிற்சியால்தான் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி, அதில் உண்மை இருக்கிறது. கட்டுரைகளைத் திருத்துபவர்களைக் கவனித்து சாரா வைகிள் 1998-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சிக்குப் பிறகும் கறாரானவர்களுக்கும் தாராளமானவர்களுக்கும் இடையே வித்தியாசம் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முன்பைவிட ஒரே சீராக இருந்தார்கள். லம்லியும் மெக்நமாராவும் ஆஸ்திரேலியாவின் தொழில்சார் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியை ஆராய்ந்து 1995-ல் சொன்னது இன்னும் முக்கியம்: பயிற்சியின் விளைவு நெடுநாள் நிற்பதில்லை. இவை பயிற்சியைக் கைவிடச் சொல்லும் முடிவுகள் அல்ல என்றே எனக்குப் படுகிறது. எப்போதும் கறாராக இருப்பவரை அடையாளம் கண்டு அவர் மதிப்பெண்ணைச் சரிசெய்யலாம். காலையில் கறார், மதியம் தாராளம் என்றிருப்பவரை யாராலும் சரிசெய்ய முடியாது. அந்த ஊசலாட்டத்தைத்தான் பயிற்சி குறைக்கிறது, அதனால்தான் ஒவ்வொரு தேர்வுப் பருவத்துக்கும் முன்னால் அது திரும்ப நடக்கவேண்டும்.

தமிழுக்கு வரும்போது முதலில் தீர்க்கவேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், வாய்மொழித் தேர்வில் எந்தத் தமிழை எதிர்பார்க்கிறோம்? 2005-ல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மீளாய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் குறைந்துவரும் ஊரில் அது துணிவான முடிவு, சரியான முடிவும்கூட. இருந்தாலும் ஒவ்வொரு தேர்வறையிலும் ஆசிரியரின் காது அதை ஏற்றுக்கொண்டால்தான் அந்த முடிவுக்கு உயிர். ‘நான் அவரிடம் கூறுவேன்’ என்று புத்தகம் போல் ஒப்பிக்கும் மாணவருக்கு ஓர் அறையில் கூடுதல் மதிப்பெண்ணும், இன்னோர் அறையில் ‘இயல்பாக இல்லை’ என்று குறைவும் கிடைத்தால், அது குழந்தையின் தவறு அல்ல. வட்டார வழக்கிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘கதைக்கிறம்’ என்பதும் கொங்குப் பிள்ளை ‘ஏனுங்க’ என்பதும் குறையல்ல என்பதை விதியாக எழுதி வைத்தால் மட்டும் போதாது. அந்தப் பேச்சுகளின் பதிவுகளைப் பயிற்சியில் கேட்டுப் பழகவேண்டும். ஒரு மொழியைக் கற்ற மதிப்பீட்டாளர்கள், அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலத்துக்குச் சற்றுத் தாராளமாக மதிப்பெண் போடக்கூடும் என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காதுக்குப் பழகியது நன்றாகப் படும், பழகாதது குறையாகப் படும்.

இயந்திரமே மதிப்பெண் போடட்டுமே என்ற யோசனையும் இருக்கிறது. 2009-ல் வந்த பிடிஇ அகாடமிக் தேர்வில் ஆங்கிலப் பேச்சைக் கணினி மதிப்பிடுகிறது, அது களைப்படைவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குக் கற்றுக்கொடுத்ததும் மனிதர் போட்ட மதிப்பெண்கள்தான். அந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டிருந்தால், கணினி அந்த முரண்பாட்டையும் கற்றிருக்கும். தமிழ்ப் பேச்சுக்கு அப்படி ஒரு கருவி வரவேண்டுமானாலும், சீராக மதிப்பெண் போட்ட ஆசிரியர்களும் அவர்கள் கேட்ட பதிவுகளும் முதலில் தேவை. இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவும் பெரிதல்ல. ஒலிப்பதிவு செய்ய ஆசிரியர் கையில் இருக்கும் போனே போதும். பெற்றோரின் சம்மதத்தோடு பல ஊர்ப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவுசெய்து, பெயரை நீக்கி, ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு மாதிரிகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டால், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் தேர்வுக்கு முந்திய வாரம் அரை நாளில் இந்தக் கூட்டத்தை நடத்திவிடலாம்.