அந்தப் படத்தை இறக்குங்கள்!



இரண்டே நாளில் ஞானம் என்று முகாம் நடத்துகிறவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். கீழே கட்டணம், மேலே கோவணம் மட்டும் கட்டிய ரமணரின் படம். அந்தப் படத்தை அங்கே போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அதைக் கேட்கத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

1896 ஜூலை. மதுரை, சொக்கப்ப நாயக்கன் தெரு. பின்னாளில் ரமணரான 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. பிணம்போலப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தான். சற்று நேரம்தான், போன பயம் திரும்பவே இல்லை. குரு இல்லை, பயிற்சி இல்லை. உண்மை, யார் மறுத்தார்கள்? ஆனால் இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்து விற்கிறார்களே, மிச்சப் பக்கங்கள் எங்கே?

ஆறு வாரத்தில் அந்தப் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பினான். தன் கல்லூரிச் சம்பளம் கட்ட அண்ணன் எடுத்துக்கொள்ளச் சொன்னது 5 ரூபாய். வழிச்செலவுக்கு 3 ரூபாய் எடுத்தான். மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டான். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை. மடியில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தான். காசை எறிந்தவர் ஐயா அவர்! அவ்வூர்க் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் பூச்சி அரித்துத் தொடையெல்லாம் புண்ணாகக் கிடந்தவரைப் பிறர் தூக்கி வந்தார்கள். 1950-இல் உடல் விழும்வரை அந்த ஊரைத் தாண்டவில்லை. தேடி வந்தவர்களிடம் என்ன சொன்னார்? 'நான் யார்' என்று விசாரி, விடாமல் விசாரி என்றார்.

சீனத்து ஜென் குரு ஹுய்நெங்கையும் துணைக்கு அழைக்கிறார்கள். விறகு விற்கப் போன இடத்தில் வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் காதில் விழுந்து மனம் திறந்தவர். அதன் பிறகு மடத்தில் எட்டு மாதம் நெல் குத்தினார், ஆறாம் குருவான பின்னும் பல ஆண்டு வேடர்களோடு மறைந்து வாழ்ந்தார் என்கிறது ஜென் மரபு. அதை ஏன் சொல்வதில்லை?

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 1969-இல் தியான ஆசிரியர் கோயங்கா இந்தியாவில் தொடங்கிய பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பத்து நாளும் தொடக்கம் மட்டுமே என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

என் கோபம் வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுதுகொண்டு வருகிறாள். 'நீ ஏற்கெனவே ஞானிதான், துக்கம் வெறும் மாயை' என்று சொல்லிப் பணம் வாங்குகிறீர்கள். வீட்டுக்குப் போயும் அழுகை நிற்காவிட்டால், குறை தன்னிடம்தான் என்று அவள் இன்னும் நொறுங்கிப் போகிறாள். இது கொடுமை இல்லையா?

முகாம் நடத்துகிறவர்களே, கட்டணத்தை எடுங்கள். இல்லையென்றால் ரமணரின் படத்தை எடுங்கள்!