ரை விஸ்கி: காரம் எது, இளமை எது?

(சங்கக் கூட்டத்துக்குப் பிறகு கிளப் ஹவுஸில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருப்பதுதான் நல்லது. ஆனால் பிள்ளைகளும் நண்பர்களும் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிவந்த பாட்டில்கள் நம்மில் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ என்றோ ‘பேரல் புரூஃப்’ என்றோ எழுதியிருந்தால், அதை வழக்கமான பாட்டில் மாதிரிக் கையாளக் கூடாது. உதாரணத்துக்கு, இரண்டு மூன்று வயதே ஆன அமெரிக்க ரை விஸ்கியை எடுத்துக்கொள்கிறேன்.

ரை என்பது கோதுமைக்கு நெருங்கிய உறவான, குளிர் தாங்கும் தானியம். இந்தியில் ‘ராய்’ என்று சொல்லும் கடுகு வேறு, இது வேறு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1797-ல் வர்ஜீனியாவில் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஒரு வடிசாலை தொடங்கினார். அங்கே வடித்ததும் முக்கியமாக ரைதான்: 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி.

இன்றைய அமெரிக்க விதிப்படி ரை விஸ்கியின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டுக்கொள்ள குறைந்தது 2 வருடம் அதில் இருந்திருக்க வேண்டும். 4 வருடத்துக்குக் குறைவு என்றால் வயதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே, கிளாஸை எடுக்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படியுங்கள்.

பெரும்பாலான விஸ்கிகளைத் தண்ணீர் சேர்த்து 40, 43 சதவீத ஆல்கஹாலுக்கு இறக்கித்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். நம் ஊர் விஸ்கி பெரும்பாலும் 42.8. காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைத்தது. 55-லிருந்து 65 வரைகூடப் போகும். லேபிளில் 120 புரூஃப் என்று இருந்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: 60 சதவீதம்.

இனி சுவைப்பது. 15 மில்லி போதும். வாய் குறுகிய கிளாஸ் நல்லது. சின்ன ஒயின் கிளாஸ் இருந்தாலும் சரி. ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தை அடக்கிவிடும். ஊதுபத்தியும் தாளிப்பு வாசனையும் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். மூக்கை கிளாஸுக்குள் விடாமல், மோவாய் அருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மோந்து பாருங்கள். முதல் துளி நாக்கைப் பழக்குவதற்கு மட்டும்தான். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். வலிமையால் வரும் எரிச்சலும், வயது போதாததால் வரும் பச்சைத்தன்மையும் முதல் வாயில் ஒரே மாதிரி தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது தண்ணீர். அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுவையுங்கள். பிறகு இன்னொரு அரை டீஸ்பூன். எரிச்சல் அடங்கி மிளகு, புதினா, சதகுப்பை மாதிரி மணங்கள் மேலே வந்தால், அது நல்ல சரக்கு; உங்களைத் தடுத்தது வலிமை மட்டும்தான். தண்ணீர் விட்ட பிறகும் பச்சை மாவு, ஊறிய தானியம், அறுத்த மரத்தூள் வாசனைதான் மேலோங்குகிறது என்றால், அது பீப்பாயில் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்க வேண்டும். அந்தக் குறையை எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மறைக்க முடியாது. தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

இளமையே குறை என்றும் நினைக்க வேண்டாம். வனிலா மணம் ஓக் மரத்திலிருந்து வருகிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலும் அந்த மரத்தில் உண்டு. வருடம் ஏற ஏற மரம் முன்னால் வரும், தானியம் பின்னால் போகும். ரையின் சொந்தக் காரத்தை நேராகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இளசுதான் சரி. வயதுக்கும் வலிமைக்கும் மார்க் போடாதீர்கள். மணம் தெளிவாக இருக்கிறதா, விழுங்கிய பிறகு இனிமை நிற்கிறதா கசப்பு நிற்கிறதா, தண்ணீர் விட்டால் மேம்படுகிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 60 சதவீதத்தில் 30 மில்லி ஊற்றினால் 18 மில்லி சுத்த ஆல்கஹால். வழக்கமான 42.8-ல் அதே அளவுக்கு 13 மில்லிதான். இரண்டு பெக் என்று நினைத்துக் குடிப்பவர் உண்மையில் மூன்றை நெருங்கிவிடுகிறார். 30 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் 45 சதவீதம் ஆகும், நாக்குக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் உள்ளே போகும் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடக் குறையாது. இதமாக இருக்கிறதே என்று அடுத்ததை ஊற்றுவதில்தான் ஆபத்து.

நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். எனவே விருந்தாளிக்கு இந்தப் பாட்டிலைத் திறக்கிறீர்கள் என்றால், அளவுக் கிளாஸில் அளந்து ஊற்றுங்கள். எத்தனை சதவீதம் என்று அவரிடமும் சொல்லுங்கள். கார் சாவியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக டாக்ஸிக்குச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.